வளிமண்டலத்துக்கு ஆட்சேபணை இல்லை

ராக்கெட் கிளம்ப எழுபத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, வளிமண்டலத்தின் சார்பில் பேச ஆள் இல்லை என்பதை நிர்வாகம் கவனித்தது.

அந்த ஏவுமையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ராக்கெட் கிளம்புவதற்குச் சற்று முன்பு, கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு பிரிவும் மைக்கில் தன் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். எரிபொருள் பிரிவு "தயார்" என்று சொல்லும். மின்பிரிவும் பாதுகாப்புப் பிரிவும் அப்படியே. கடைசியில் வளிமண்டல நலப் பிரிவின் முறை. வளிமண்டலம் தயாரா என்று கேட்பது முறையாகாது. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அதற்கென்று தனியாக ஒரு வாக்கியம் வகுத்திருந்தார்கள். "வளிமண்டலத்துக்கு ஆட்சேபணை இல்லை." இதைச் சொன்ன பிறகே பொத்தானை அழுத்துவார்கள்.

பதினெட்டு வருடமாக இதை ஒருவரே சொல்லிவந்தார். போன வாரம் அவர் "வளிமண்டலத்துக்கு" என்று ஆரம்பித்து இருமிவிட்டார். இருமல் நிற்கவில்லை. கவுண்ட்டவுன் நின்றது. இருமியது அதிகாரியா, வளிமண்டலமா என்று கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. குழு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, "இருமல் தனிப்பட்டது, துறை சார்ந்ததன்று" என்று அறிக்கை கொடுத்தது. இருந்தாலும், தொண்டை சரியாகும்வரை அவர் எந்த மைக்குக்கும் பக்கத்தில் போகக் கூடாது என்று உத்தரவானது. அன்றிலிருந்து அவர் பெயர் இருமல் சார்.

மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கப் பிரிவின் கூட்ட அறையில் எல்லோரும் கூடினார்கள். பிரிவில் பன்னிரண்டு பேர். அறையில் பதினோரு நாற்காலி. எல்லாம் ஒரே மாதிரி, நீல நிறப் பிளாஸ்டிக். பன்னிரண்டாவது நாற்காலி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கணக்கில் அது இருந்தது. இருக்கிற நாற்காலிக்குப் பதில் இன்னொரு நாற்காலி வாங்க விதி இடம் கொடுக்கவில்லை. ஆகவே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் நிற்பது என்று ஏற்பாடு. அப்படி ஆறு மாதமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தவள்தான் பூச்சி.

வாயில்லாப் பூச்சி என்பதில் முதல் பாதியை அவள் அக்கா சின்ன வயதிலேயே விட்டுவிட்டாள். அலுவலகத்தில் அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்பது அவளுக்கே புரியாத விஷயம். இயற்பியல் படித்தவள். தற்காலிக வேலை.

பிரிவுத் தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மற்ற எல்லோரும் தொண்டையைத் தடவிக்கொண்டார்கள்.

"இந்தப் பொண்ணு பேசுமா?" என்று துணைத் தலைவியிடம் கேட்டார்.

"பேசவே பேசாது சார். ஆறு மாசமா பாக்கறேன்."

"அப்ப சரி. கூடக்குறைய எதுவும் சொல்லிடாது."

அவள் தற்காலிகம் முடிவதும் ராக்கெட் கிளம்பும் அதே நாள்தான் என்று துணைத் தலைவி நினைவூட்டினார். தலைவர் மகிழ்ந்தார். மூன்றே வார்த்தை, காலையில் சொன்னால் சாயங்காலம் நிரந்தர உத்தரவில் கையெழுத்து என்றார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு எந்த உத்தரவும் தேவைப்படாது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அக்கா வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன். அந்த வேன்தான் பூச்சியைப் படிக்கவைத்தது. போன மாதம் புகைச் சோதனையில் தோற்றுவிட்டது. இன்ஜினை மாற்றாமல் தெருவில் இறக்கக் கூடாது என்று கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். இன்ஜின் வாங்க வங்கிக் கடன் வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருந்தால் தருகிறோம் என்றது வங்கி.

"மூணு வார்த்தைக்கா?" என்றாள் அக்கா, அடியிலிருந்தபடியே. "நீ பொறந்ததுலேருந்து சேத்துவச்ச வார்த்தை எவ்வளவு இருக்கும். அதுல மூணை எடுத்துக் குடுத்துட்டு வா."

மறுநாள் குரல் பயிற்சி. குரல் குழுவில் மூன்று பேர். முதல் முறை பூச்சி சொன்னது கேள்வி கேட்பதுபோல் இருந்ததாம். இரண்டாம் முறை, வளிமண்டலம் மனசில்லாமல் சம்மதிப்பதுபோல் இருந்ததாம். மூன்றாம் முறை கேட்கவே இல்லையாம். குழுவின் மூத்த உறுப்பினர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"பக்கத்து வீட்டுல வந்து சர்க்கரை கேக்கறாங்க. உங்க வீட்டுல டப்பா நிறைய இருக்கு. ஆனாலும் இல்லைன்னு சொல்றீங்க. சொல்லும்போது குரல் நடுங்கக் கூடாது, கண்ணு டப்பா பக்கம் போகக் கூடாது. அந்த 'இல்லை' வேணும் எனக்கு."

பூச்சி அன்று முழுக்கச் சர்க்கரை இல்லை என்று சொல்லிப் பழகினாள். சாயங்காலம் குரல் தட்டையாக, நடுக்கமில்லாமல் வந்தது. குழு கை தட்டியது. அந்தத் தைரியத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஆட்சேபணை இல்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றார்கள். திரும்பச் சொன்னாள். மூத்த உறுப்பினர் யோசித்துவிட்டு, கேள்வி சரியில்லை, ஆனால் உச்சரிப்பு அருமை என்றார். அளவெடுக்கும் கருவி மொட்டைமாடியில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

மொட்டைமாடியில் கருவி இருந்தது. அதன்மேல் உறை இருந்தது. வெள்ளி நிறத்தில், மெத்தைபோல் தடிமனாக, பூச்சியின் தோளுயரத்துக்கு உருண்ட தலையோடு நின்றது. மேலெல்லாம் கயிறு. கயிறெல்லாம் முடிச்சு. பக்கத்தில் ஒருவர் குத்தவைத்து, போட்ட முடிச்சு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பதவிக்கு உறைப் பொறுப்பாளர் என்று பெயர்.

"ஏன் அண்ணா மூடியிருக்கு?"

"ராக்கெட் போகப்போகுதில்ல. புகை பட்டா கெட்டுப்போயிடும்மா. விலை என்ன தெரியுமா?"

"புகையை அளக்கற கருவிதானே?"

"ஆமா. அதான் புகை பட்டா கெட்டுப்போயிடும்."

பூச்சி உறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாள். ராக்கெட்டுக்கு நாலு நாள் முன்பு மூட வேண்டும், மூன்று நாள் கழித்துத் திறக்கலாம், அதுதான் விதி என்றார் அவர். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு ராக்கெட்டுதான். இப்போது வாரத்துக்கு ஒன்று.

"நாலும் மூணும் ஏழு," என்றாள் பூச்சி.

"வாரத்துக்கும் ஏழு நாள்தானேம்மா," என்றார் அவர், கணக்கு ஒத்துப்போனதில் சந்தோஷப்பட்டு. அதுவும் போக, அவர் வேலை கட்டுவது மட்டும்தான். அவிழ்ப்பதற்கு வேறு பதவி. அது அவர் வருவதற்கு முன்பிருந்தே காலியாக இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் இருக்கிற முடிச்சுமேல் இன்னொரு முடிச்சு போட்டுவிடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

பூச்சி கீழே வந்து துணைத் தலைவியின் மேசை முன்னால் நின்றாள். ஒவ்வொரு ராக்கெட்டுக்குப் பிறகும் பிரிவு ஓர் அறிக்கை வெளியிடும். அதில் ஓர் எண்ணும், "மாற்றம் இல்லை" என்ற குறிப்பும் இருக்கும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.

"நல்ல நாட்களோட சராசரி," என்றார் துணைத் தலைவி.

"நல்ல நாள்னா, மேடம்?"

"ராக்கெட் போகாத நாள்."

"இப்ப அப்படி நாளே இல்லையே."

"அதனாலதான் பழைய சராசரியைப் போடறோம். பழசுதான் சுத்தமா இருக்கு."

பூச்சிக்குப் படித்தது கொஞ்சம் நினைவிருந்தது. தரைக்குப் பக்கத்தில் இருக்கும் கரியை மழை கழுவி இறக்கிவிடும். ராக்கெட் அப்படியில்லை. அது மேகத்தைத் தாண்டி, மழையே இல்லாத உயரத்தில், ஓசோன் இருக்கும் இடத்தில் கரியை விட்டுவிட்டுப் போகிறது. அங்கே அதைக் கழுவ ஆள் கிடையாது. வருடக்கணக்கில் தங்கி வெயிலைக் குடித்துச் சூடாகும். ஒரு ராக்கெட் என்றால் பரவாயில்லை. வாரம் ஒன்று என்றால்? இதை அவ்வளவு நீளமாகச் சொல்லத் தெரியாமல், "மேலே, மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

துணைத் தலைவி அவளைச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கூட்டிப்போனார். தரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்வரை வளிமண்டல நலப் பிரிவின் எல்லை, பச்சை. நூறு கிலோமீட்டருக்கு மேலே விண்வெளிப் பிரிவின் எல்லை, நீலம்.

"நடுவுல வெள்ளையா இருக்கே?"

"அது நடு."

"அது யாருது?"

"நடுவுல இருக்கறது நடுவுல இருக்கும்மா. அதைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

ராக்கெட்டுக்கு முந்தைய நாள் தலைவர் செய்தியாளர்களைச் சந்தித்தார். கூட்ட அறையில் நாற்காலிகளைச் செய்தியாளர்களுக்குக் கொடுத்துவிட்டதால் அன்று பிரிவு முழுவதுமே சுவரோரம் நின்றது. பூச்சிக்கு முதல்முறையாகத் துணைக்கு ஆள் இருந்தார்கள்.

இந்த ராக்கெட் பருவநிலையைக் கண்காணிக்கும் செயற்கைக்கோளைச் சுமந்து போகிறது என்று தலைவர் அறிவித்தார். பருவநிலைக்கு உதவப்போகும் ராக்கெட் பருவநிலையைக் கெடுக்குமா என்று கேட்பதே அதை அவமானப்படுத்துவது என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நோயாளியைப் பாக்க டாக்டர் வர்றாரு. அவர் கார் புகை விடுதுன்னு யாராவது வழியில நிறுத்துவாங்களா? தொழிற்சாலைங்க எவ்வளவு, விமானங்க எவ்வளவு. அதுக்கு முன்னாடி நாம ஒரு துளி. எவ்வளவு துளின்னு கேக்காதீங்க. துளியை அளக்கறது பெருந்தன்மை இல்லை. இருந்தாலும் கருவி வாங்கியிருக்கோம். இருக்கறதுலயே விலை உயர்ந்த கருவி. இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டுப் புகை அதைத் தொட்டதில்லை. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம். அதையும் தாண்டி, ஒவ்வொரு முறையும் வளிமண்டலத்தைக் கேட்டுட்டுத்தான் பொத்தானை அழுத்தறோம். இருநூறு தடவைக்கு மேல கேட்டாச்சு. ஒரு தடவைகூட அது ஆட்சேபணை சொன்னதில்லை. இந்த அளவுக்குப் புரிதல் நமக்கும் வளிமண்டலத்துக்கும் நடுவுல இருக்கு."

செய்தியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், போன வாரம் இருமியது யார் என்று கேட்டார். விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்லி அவருக்கு இன்னொரு டீ கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் பூச்சி தலைவர் பின்னாலேயே போய், நாளைக்கு ஒரு நாள் உறையைத் திறந்துவைக்கலாமா என்று கேட்டாள். தலைவருக்குக் கோபம் வரவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"திறந்து வச்சு, ஏதாவது பதிவாயிட்டா?"

"அதுக்குத்தானே சார்."

"பதிவானா அதை யார் பாக்கறது? பாத்தா யார்கிட்ட சொல்றது? சொன்னா அவங்க எங்க போவாங்க? ஒரு எண்ணை வெளியே விடறது சுலபம்மா. அதைத் திரும்ப உள்ளே கூப்பிட முடியாது."

ஆட்சேபணை என்று சொல்வதற்கும் விதியில் வழி இருக்கிறது என்று அவர் விளக்கினார். ஆட்சேபணை என்றால் கருவியின் ஆதாரம் வேண்டும். ஆட்சேபணை இல்லை என்றால் எதுவும் வேண்டாம். இதைவிட எளிமையான நடைமுறை உலகத்தில் எங்கும் கிடையாது என்றார்.

அன்று சாப்பிடும்போது பூச்சி எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. கை காய்ந்துபோகும்வரை கேட்டாள்.

"மழை வருதுன்னு குடையை நனையாம உள்ள வச்சுட்டுப் போறவங்களா இருக்காங்களே," என்றாள். "என் வண்டியை எப்படிச் சோதிச்சான் தெரியுமா? ஓட விட்டு, நல்லா மிதிக்கச் சொல்லி, பின்னாடி குழாய்க்குள்ள கம்பியை விட்டான். வண்டியை நிறுத்திட்டு, கம்பியைத் துணியில சுத்தி வச்சுட்டு, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுடான்னா குடுத்திருப்பானா?"

"டாக்டர் கார்னு சொல்றார் அக்கா."

"டாக்டர் காரு சரி. அது நோயாளி நெஞ்சு மேலயா ஏறி வருது?"

இருவரும் சிரித்தார்கள். ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. தூசி படிந்த கண்ணாடியில் தெருப்பிள்ளைகள் விரலால் மீசை வரைந்திருந்தார்கள். சிவப்புத் தாளை மட்டும் யாரும் தொடவில்லை.

"சொல்லிட்டு வந்துடு பூச்சி," என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடி. "அவங்க வானம், அவங்க ராக்கெட்டு. நமக்கு ஒரு இன்ஜின் போதும்."

பூச்சி தலையாட்டினாள். சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தாள்.

ராக்கெட் கிளம்பும் நாள் காலையில், வளிமண்டலத்தின் சார்பில் பேசுகிறவர் மொட்டைமாடிக்குப் போய் உறை சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவர வேண்டும். அதுவும் வழக்கம்தான். பூச்சி போனாள். உறைப் பொறுப்பாளர் தன் வேலையை முடித்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. உருண்ட தலையில் தட்டினாள். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவு விலை உயர்ந்த கருவியிலிருந்து வரும் சத்தமாக அது இல்லை.

பூச்சி சுற்றும்முற்றும் பார்த்தாள். முழங்காலிட்டு, உறையின் கீழ்விளிம்பை ஒரு கையளவு தூக்கி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு விளிம்பை இறக்கி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு எழுந்தாள்.

படியில் இருமல் சார் நின்றிருந்தார். மைக் இல்லாத இடம் என்பதால் அவருக்கு அங்கே நிற்க அனுமதி இருந்தது. அவள் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார்.

"குனிஞ்சு பாத்தியா?"

பூச்சி தூசியைத் தட்டிவிட்டாள்.

"நானும் பாத்தேன். ரெண்டு வருஷம் ஆச்சு." இருமினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம்தான் இது வந்துச்சு. டாக்டருங்க நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லைங்கறாங்க. ஒவ்வொரு வாரமும் அந்த மூணு வார்த்தை வரும்போது இங்க வந்து நிக்கும்." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "நீ சின்னப் பொண்ணு. போகப்போகப் பழகிடும். எனக்குத்தான் பழகலை."

கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நாற்காலி. ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பூச்சி அலுவலகத்தில் உட்கார்ந்தாள். பின்வரிசையில் தலைவரும் துணைத் தலைவியும் குரல் குழுவும் இருந்தார்கள். மூத்த உறுப்பினர் அவளைப் பார்த்து, சர்க்கரை, என்று உதட்டை அசைத்தார். தலைவர் மடிமேல் ஒரு கோப்பு வைத்திருந்தார். நிரந்தர உத்தரவு அதில்தான் இருக்க வேண்டும். பேனாவும் மேலே செருகியிருந்தது. எதிரே பெரிய திரையில் ராக்கெட் வெள்ளையாக, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

ஏவு இயக்குநர் மேசைகளை வரிசையாக அழைத்தார்.

"எரிபொருள்?"

"தயார்."

"மின்பிரிவு?"

"தயார்."

"பாதுகாப்பு?"

"தயார்."

"வளிமண்டலம்?"

பூச்சியின் மைக்கில் பச்சை விளக்கு எரிந்தது. "வளிமண்டலத்துக்கு" என்றாள். நன்றாக வந்தது. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது தொண்டையில் ஏதோ வந்து நின்றது. இரும வேண்டும்போல் இருந்தது. இருமினால் குழு போடுவார்கள். குழு அது தனிப்பட்டது என்று சொல்லும். அடுத்த வாரமும் அது வரும், அதற்கடுத்த வாரமும்.

வேன் கண்ணாடியில் ஒட்டிய சிவப்புத் தாள் நினைவுக்கு வந்தது. அதை ஒட்டியவன் கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினான்.

கவுண்ட்டவுன் நின்றது. இயக்குநர் திரும்பிப் பார்த்தார்.

"வளிமண்டலம்? ஆட்சேபணை இருக்கா, இல்லையா?"

சர்க்கரைப் பயிற்சி வீண்போகவில்லை. அவள் குரல் தட்டையாக, நடுக்கமில்லாமல், அறையின் எல்லா ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்டது.

"தெரியாது சார். யாரும் அளக்கலை. மாடியில உறைக்குள்ள கருவி இல்லை. நம்ம கூட்ட அறையோட பன்னிரண்டாவது நாற்காலிதான் இருக்கு, தலையில ஒரு வாளியைக் கவுத்துக்கிட்டு."